‘ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார்!’ - வாடகை காரில் அடிபட்டால் உண்மையில் யார் பணம் கட்டுவது?

சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்தால் போதும், சென்னையிலும் கோவையிலும் செல்ஃப் டிரைவ் கார்கள் முன்கூட்டியே புக் ஆகிவிடுகின்றன. டிரைவர் பேட்டா கிடையாது, நினைத்த இடத்தில் நிறுத்தலாம், குடும்பத்தோடு தனியாகப் போய் வரலாம். காரை எடுக்கும்போது பெரும்பாலானோர் கேட்பது மூன்றே கேள்விகள்தான்: வாடகை எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர், டெபாசிட் எவ்வளவு?

யாராவது ஒருவர் ‘இன்சூரன்ஸ் இருக்கா?’ என்று கேட்டாலும், ‘ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார், ஒண்ணும் கவலைப்படாதீங்க’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பதில் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. காருக்கு இன்சூரன்ஸ் இருக்கலாம். ஆனால் அது யாருடைய பணத்தைக் காப்பாற்றுகிறது என்பதுதான் கேட்கப்படாத கேள்வி. பம்பரில் ஒரு கீறல் விழுந்தால் டெபாசிட் போகும். பெரிய விபத்து என்றால் போவது டெபாசிட்டோடு நிற்காது.

பாலிசி யார் பெயரில் இருக்கிறது?

கார் இன்சூரன்ஸ் என்பது இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் காரின் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம். வாடகைக்கு எடுப்பவர் அதில் ஒரு தரப்பே இல்லை. காருக்கு சேதம் ஏற்பட்டால் கிளெய்ம் போடும் உரிமையும், போடாமல் விடும் உரிமையும் உரிமையாளருக்குத்தான்.

வாடகைக்கு எடுப்பவரைக் கட்டுப்படுத்துவது இன்னொரு ஒப்பந்தம். அது அவருக்கும் வாடகை நிறுவனத்துக்கும் இடையில், ஆப்பில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு கட்டத்தைத் தொடும்போதோ, கவுன்டரில் அவசரமாகக் கையெழுத்துப் போடும்போதோ உருவாகிறது. சேதத்தில் எவ்வளவு வாடிக்கையாளர் தலையில் விழும் என்பதை நடைமுறையில் இந்த இரண்டாவது காகிதம்தான் முடிவு செய்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்ததா இல்லையா என்பது அடுத்த விஷயம்.

முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது நம்பர் பிளேட்டின் நிறம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கான கார். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வரும் டாக்சி. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து என்றால்தான், வாடகைக்கு எடுத்து நாமே ஓட்ட அனுமதி பெற்ற கார். எலெக்ட்ரிக் கார் என்றால் பிளேட் பச்சை. வாடகை வண்டியாகப் பதிவானதில் எழுத்து மஞ்சளாகவும், சொந்த வண்டியில் வெள்ளையாகவும் இருக்கும்.

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவின் கீழ், 1989-ல் மத்திய அரசு ‘ரென்ட் எ கேப்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. உரிமம் பெறுபவரிடம் குறைந்தது 50 கார்கள் இருக்க வேண்டும் என்று அத்திட்டம் நிபந்தனை விதித்தது. இரண்டு மூன்று கார்களை மட்டும் வைத்துக்கொண்டு, ‘நம்ம சொந்த வண்டிதான், எடுத்துட்டுப் போங்க’ என்று வெள்ளை போர்டு காரைக் கொடுப்பவர்கள் ஊருக்கு ஊர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளை போர்டு காரில் வாடகை குறைவாக இருக்கும். சிக்கல் பாலிசியில்தான். சொந்த காருக்கான பாலிசியில், ‘வாடகைக்கோ கட்டணத்துக்கோ பயன்படுத்தினால் பொருந்தாது’ என்ற நிபந்தனை அச்சிடப்பட்டே இருக்கிறது. விபத்து நடந்து, கார் வாடகைக்குப் போனது தெரியவந்தால், சேதத்துக்கான கிளெய்மை நிறுவனம் நிராகரிக்கலாம். காயமடைந்த வெளி ஆளுக்கான நஷ்டஈட்டிலும், ‘பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடியது’ என்ற வாதத்தை நீதிமன்றத்தில் வைக்க சட்டத்தின் 150-வது பிரிவு இடம் தருகிறது. தவிர, பெர்மிட் விதியை மீறி வண்டி ஓட்டுபவருக்கும் ஓட்ட விடுபவருக்கும் 192ஏ பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் உண்டு.

2024 டிசம்பர் 2-ம் தேதி இரவு, கேரளத்தின் ஆலப்புழை அருகே களர்கோட்டில் மருத்துவ மாணவர்கள் 11 பேர் சென்ற கார் அரசுப் பேருந்து மீது மோதியது. 6 மாணவர்கள் இறந்தனர். அந்தத் தனியார் கார் வாடகைக்கு விடப்பட்டதா என்ற கேள்வி அதன் பிறகு பெரிதாக எழுந்தது. அங்கே போக்குவரத்துத் துறையும் வெள்ளை போர்டு வாடகைக்கு எதிராக எச்சரித்தது.

டிரைவிங் லைசென்ஸ் எது வேண்டும்?

‘கறுப்பு போர்டு வண்டி கமர்ஷியல் ஆச்சே, என் சாதாரண லைசென்ஸ் செல்லுமா?’ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. செல்லும். இலகு ரக மோட்டார் வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனங்களையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. பழகுநர் லைசென்ஸ், காலாவதியான லைசென்ஸ் ஆகியவை செல்லாது. பல வாடகை நிறுவனங்கள் குறைந்தபட்ச வயது 21 என்றோ, லைசென்ஸ் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்றோ தனி நிபந்தனை வைக்கின்றன. இது சட்டம் கேட்பதல்ல, நிறுவனம் கேட்பது.

மற்றவர்களுக்கு அடிபட்டால்?

சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு. நடந்து போகிறவருக்கோ, பைக்கில் வருபவருக்கோ உயிரிழப்பு அல்லது காயம் ஏற்பட்டால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் தொகைக்கு உச்சவரம்பே இல்லை. பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் கார் பாலிசிகளில் வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரம்பு இருக்கும்.

நஷ்டஈட்டு வழக்கில் வண்டி ஓட்டியவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் நிறுவனம் ஆகிய மூவரும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்படுவது வழக்கம். பாலிசி சரியாக இருந்தால் தொகையை நிறுவனம் கொடுத்துவிடும். லைசென்ஸ் இல்லாதது போன்ற மீறல் இருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. பாலிசியே இல்லை, அல்லது நிறுவனம் முழுவதுமாக விடுவிக்கப்பட்டது என்றால் பாரம் உரிமையாளர் மீதும் ஓட்டியவர் மீதும்தான் விழும். லட்சங்களில் வரக்கூடிய இந்தத் தொகைக்கு முன்னால் டெபாசிட் சில்லறைக் காசு. அதனால், பாலிசி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டினாலே முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

காருக்கே அடிபட்டால் கணக்கு எப்படி?

இங்கேதான் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்ற சொல் ஏமாற்றுகிறது. சேதத்தையும் சேர்த்துக் காப்பீடு செய்யும் பாலிசியிலும் மொத்த பில்லும் கிடைக்காது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு காரின் வயதைப் பொறுத்து கழிவு ஏறும். 2 முதல் 3 வயதுள்ள காருக்கு அது 15 சதவீதம். ‘ஜீரோ டெப்’ எனப்படும் கூடுதல் பாதுகாப்பை உரிமையாளர் வாங்கியிருந்தால்தான் இந்தக் கழிவு இல்லை. அதற்கும் மேல் ஒவ்வொரு கிளெய்மிலும் ஒரு கட்டாயக் கழிவு உண்டு.

ஓர் உதாரணம். இரண்டரை வயது வாடகை கார், முன்பக்கம் இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பம்பர் 8,000, ஹெட்லைட் 12,000, பானெட் 10,000, டிங்கரிங் மற்றும் இதர கூலி 10,000. மொத்தம் 40,000 ரூபாய். ஜீரோ டெப் இல்லை. பம்பருக்கு 4,000, ஹெட்லைட்டுக்கு 6,000, பானெட்டுக்கு 8,500, கூலிக்கு 10,000 என 28,500 வருகிறது. கட்டாயக் கழிவு 1,000 என்றால் நிறுவனம் தருவது 27,500. மீதி 12,500 ரூபாயை யார் தருவது? வாடகை ஒப்பந்தத்தில் ‘வாடிக்கையாளர்’ என்று இருக்கும்.

இதோடு முடியவில்லை. கார் நான்கு நாள் ஒர்க் ஷாப்பில் நின்றால், அந்த நாட்களின் வாடகை நஷ்டத்தையும் பல நிறுவனங்கள் கேட்கின்றன. தினம் 2,500 என்றால் இன்னொரு 10,000. வருமான இழப்பை மோட்டார் பாலிசி ஏற்பதில்லை என்பதால், இது நேராக வாடிக்கையாளரிடம் வரும். ஆக 22,500 ரூபாய், அதுவும் இன்சூரன்ஸ் இருந்தும்!

சின்னக் கீறல், சொட்டை என்றால் உரிமையாளர் கிளெய்மே போட மாட்டார். கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு ‘நோ கிளெய்ம் போனஸ்’ போய்விடும். அதைவிட டெபாசிட்டில் கழித்துக்கொள்வது அவருக்கு லாபம்.

எதற்கெல்லாம் பாலிசி கைகொடுக்காது?

* குடித்துவிட்டு ஓட்டினால் காரின் சேதத்துக்குக் கிளெய்ம் கிடையாது. வாடகை நிறுவனமும் முழுத் தொகையையும் ஓட்டியவரிடமே கேட்கும்.
* டயர் மட்டும் வெடித்தாலோ கிழிந்தாலோ கிடைக்காது. காரும் சேர்ந்து சேதமானால்தான் டயருக்கும் பாதித் தொகை.
* வெள்ளத்தில் கார் மூழ்கினால் அந்தச் சேதம் பாலிசியில் உண்டு. ஆனால் தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறினால், ‘பின்விளைவு சேதம்’ என்று மறுப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் பலர் கற்றுக்கொண்ட பாடம் இது. இன்ஜின் பாதுகாப்பு தனியாக வாங்கியிருந்தால்தான் பலன்.
* சாவி தொலைவது, தவறான எரிபொருள் போடுவது, கிளட்ச் தேய்வது போன்றவை சாதாரண பாலிசியில் வராது. டீசல் காருக்கு பெட்ரோல் போட்டுவிட்டால் செலவு முழுக்க நம்முடையது.

‘டேமேஜ் புரொடெக்‌ஷன்’ வாங்கலாமா?

புக் செய்யும்போது, சில நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டினால் ‘உங்கள் பொறுப்பு இவ்வளவுதான்’ என்று பல நிறுவனங்கள் ஒரு திட்டத்தைக் காட்டுகின்றன. இது பெரும்பாலும் இன்சூரன்ஸ் பாலிசி அல்ல. ‘சேதம் எவ்வளவு ஆனாலும் இந்த வரம்புக்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டோம்’ என்று வாடகை நிறுவனம் தரும் வாக்குறுதி. மேலே சொன்ன உதாரணத்தில் வரம்பு 5,000 என்றிருந்தால், 12,500-க்குப் பதில் 5,000-தான் கட்ட வேண்டியிருக்கும். மலைப்பாதைக்கோ நெரிசலான ஊருக்கோ போகிறவர்களுக்கு, புதிதாக ஓட்டுபவர்களுக்கு இது பயனுள்ளதுதான்.

ஆனால் வாங்கும் முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். வரம்பு ஒரு பயணத்துக்கா, ஒவ்வொரு சேதத்துக்குமா? டயர், கண்ணாடி, அடிப்பாகம் சேருமா? ஒர்க் ஷாப் நாட்களின் வாடகை இதற்குள் அடங்குமா? எந்தெந்த மீறலில் இந்த வாக்குறுதி ரத்தாகும்? கடைசிக் கேள்விதான் முக்கியம். பதிவு செய்யாத நண்பர் ஓட்டியது, வேக வரம்பை மீறியது, அனுமதியில்லாத மாநிலத்துக்குப் போனது, தகவல் சொல்லத் தாமதித்தது என்று பட்டியல் நீளும்.

ஓட்டுபவரின் உயிருக்கு என்ன பாதுகாப்பு?

பலரும் யோசிக்காத, ஆனால் ஒரு குடும்பத்தையே பாதிக்கும் கேள்வி இது. கார் பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ‘உரிமையாளர்-ஓட்டுநர்’ என்பவருக்கானது. வாடகைக்கு எடுத்தவர் உரிமையாளர் அல்ல. அதனால் அந்தத் தொகை அவர் குடும்பத்துக்கு வராது.

மூன்றாம் நபர் காப்பீடும் இங்கே உதவாமல் போகலாம். இரவல் வாங்கிய பைக்கை ஓட்டிச் சென்று இறந்தவர்கள் தொடர்பான வழக்குகளில், 2009-லும் 2020-லும் உச்ச நீதிமன்றம் ஒரே நிலைப்பாட்டை எடுத்தது. இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார், அதனால் தவறு யாருடையது என்று பார்க்காமல் நஷ்டஈடு தரும் 163ஏ பிரிவின் கீழ் அதே வண்டியின் பாலிசியில் கேட்க முடியாது என்பதே அது. 2020 வழக்கில் குடும்பத்துக்குக் கிடைத்தது, பாலிசியில் இருந்த தனிநபர் விபத்துத் தொகையான 1 லட்சம் ரூபாய். அவை இரவல் வண்டிகள். ஆனாலும் வாடகை காரைத் தானே ஓட்டியவருக்கு எதிராகவும் இதே வாதம் வைக்கப்படலாம்.

எதிரே வந்த வண்டியின் மீது தவறு என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். தவறு நம் பக்கம் என்றால் கைகொடுப்பது, நம் பெயரில் தனியாக எடுத்த விபத்துக் காப்பீடும் டேர்ம் பாலிசியும்தான். அடிக்கடி வாடகை கார் எடுப்பவர்கள் காரின் பாலிசியை நம்பாமல் இவற்றை வைத்திருப்பது நல்லது.

ஒப்பந்தத்தில் கண்ணில் படாத வரிகள்

*யார் ஓட்டலாம்?* புக் செய்தவர் மட்டும்தான் ஓட்டலாம் என்று பல ஒப்பந்தங்களில் உண்டு. மாற்றி மாற்றி ஓட்டும் எண்ணம் இருந்தால் இரண்டாவது ஆளின் லைசென்ஸையும் முன்பே சேர்த்துவிட வேண்டும்.

*எங்கே போகலாம்?* கேரளம், கர்நாடகம், புதுச்சேரி போவதாக இருந்தால் பெர்மிட்டும் மாநில வரியும் யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானலுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. அதற்கு வண்டி எண் தேவை என்பதால், எந்த கார் தரப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

*எவ்வளவு வேகம்?* வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கும். சாலையின் வேக வரம்பு ஒருபக்கம் இருக்க, நிறுவனம் தனியாக ஒரு வரம்பு வைத்து, மீறினால் அபராதம் பிடிக்கும்.

*டோலும் சலானும்:* ஃபாஸ்டேக் பேலன்ஸ் எவ்வளவு என்று எடுக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். கேமராவில் பதிவாகும் இ-சலான் உரிமையாளருக்குப் போகும். பயணம் முடிந்து பல வாரம் கழித்து அதை நம்மிடம் வசூலிப்பார்கள். சிலர் சேவைக் கட்டணமும் சேர்ப்பார்கள்.

காரை எடுக்கும்போது பத்து நிமிடம்

ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்றிதழ் நான்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் வாகன வகையும் இன்சூரன்ஸ் காலாவதித் தேதியும் தெரியும். ‘மோட்டார் கேப்’ என்று இருந்தால் வாடகை வண்டி. வெறும் ‘மோட்டார் கார்’ என்றால் சொந்த வண்டி.

பிறகு வெளிச்சமான இடத்தில் காரைச் சுற்றி ஒரே வீடியோவாக எடுங்கள். நான்கு வீல், பம்பரின் கீழ்ப்பக்கம், கண்ணாடி, கூரை, ஸ்டெப்னி, ஜாக்கி, சீட், டேஷ்போர்டில் கிலோமீட்டர், எரிபொருள் அளவு எல்லாம் அதில் வர வேண்டும். பழைய கீறல்களைக் காட்டி நிறுவனத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். திருப்பி விடும்போதும் இதே வீடியோ. ராத்திரியில் பார்க்கிங்கில் விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், மறுநாள் காலையில் ‘கண்டுபிடிக்கப்படும்’ கீறலுக்கு நம்மிடம் பதில் இருக்காது.

விபத்து நடந்துவிட்டால்?

காயமடைந்தவருக்கு சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதுதான் முதல் வேலை. அது சட்டக் கடமையும்கூட. 134-வது பிரிவின்படி, சம்பவ இடத்தில் போலீஸ் இல்லையென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சீக்கிரமாக, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அடுத்து வாடகை நிறுவனத்துக்கு போன் செய்யுங்கள். கூடவே எழுத்திலும் அனுப்புங்கள். அவர்கள் சொல்லாமல் வழியில் உள்ள மெக்கானிக்கிடம் வண்டியைத் திறக்க விட்டால், ‘சர்வேயர் பார்க்கும் முன் கைவைத்துவிட்டீர்கள்’ என்ற பேச்சு வரும். எதிர்த் தரப்போடு சாலையிலேயே ‘பேசி முடிப்பதும்’ பின்னால் கிளெய்மைக் கெடுக்கலாம்.

டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டால்?

‘இருபதாயிரம் கட் ஆகுது சார்’ என்ற வாய் வார்த்தையை ஏற்க வேண்டியதில்லை. சேதத்தின் புகைப்படம், ஒர்க் ஷாப் எஸ்டிமேட், இறுதி பில், இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டார்களா, எவ்வளவு கிடைத்தது என்ற விவரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். கிளெய்மில் வந்த தொகையையே வாடிக்கையாளரிடமும் வாங்குவது ஒரே சேதத்துக்கு இரண்டு முறை வசூலிப்பதாகும்.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று சோர்ந்துபோக வேண்டாம். ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும் என்கிறது 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு. மிக அதிகமான டெபாசிட் கேட்பதையும், நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதம் விதிப்பதையும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். அங்கே ஆதாரமாக நிற்கப்போவது காரை எடுத்தபோதும் விட்டபோதும் எடுத்த வீடியோவும், வாட்ஸ்அப்பில் நேரத்தோடு பதிவான செய்திகளும்தான். டெபாசிட் கணக்கு முழுசாக முடிந்து, சலான் எதுவும் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கும்வரை அவற்றை போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.